அம்பர் எறும்புக்கு மூன்று சன்னல்

மெருகேற்றாத பால்டிக் அம்பர் கட்டி ஒன்றை வாங்கி, உள்ளே இருக்கும் எறும்பின் உடலமைப்பு தெரியும்படி தேய்த்து எடுத்த வேலையின் பதிவு இது. நகைக் கடைகளில் வழுவழுப்பான பதக்கக் கற்களுக்குள்ளும் எறும்பு கிடைக்கும். பார்க்க அழகாகவே இருக்கும். ஆனால் அது எந்த எறும்பு என்று சொல்வதற்குத் தேவையான இடம் பெரும்பாலும் கல்லின் வளைவுக்குள் போய் ஒளிந்திருக்கும். நகைக்காரர் கல்லின் வடிவத்துக்காகத் தேய்க்கிறார், அது அவர் தொழில். எறும்புக்காகத் தேய்த்தால் கல் கோணல்மாணலாகத்தான் வரும். எனக்கு வேண்டியது அந்தக் கோணல் கல்தான்.

நான் இருப்பது போலந்தின் க்தான்ஸ்க் நகரில். இங்கே புயல் அடித்து ஓய்ந்தால் கடற்கரையில் வலையோடு அம்பர் அரிக்க ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பழைய நகரத்து மரியாட்ஸ்கா தெருவில் அம்பர் கடைகள் வரிசையாக இருக்கும். இந்த அம்பர், இயோசீன் காலத்துக் காடுகளின் மரப்பிசின். 3.4 கோடி ஆண்டுகளில் இருந்து 4.8 கோடி ஆண்டுகள் வரை வயது சொல்கிறார்கள். இதன் பெரும்பகுதி கலினின்கிராட் பக்கத்தில் சாம்பியா தீபகற்பத்தில், நீல மண் என்று அழைக்கப்படும் கடல் படிவில் இருக்கிறது. அங்கிருந்து அரித்துக்கொண்டு வரும் துண்டுகளைத்தான் அலை கரையில் போடுகிறது.

மியான்மர் அம்பரில் இதைவிட வினோதமான எறும்புகள் உண்டு. ஹைடோமிர்மெக்ஸ் போன்றவற்றின் தாடைகள் அரிவாள் மாதிரி மேல்நோக்கி வளைந்திருக்கும், வயதும் ஏறக்குறைய 10 கோடி ஆண்டு. அந்த அம்பரை நான் வாங்குவதில்லை. காச்சின் மாநிலத்துச் சுரங்கங்கள் ஆயுதச் சண்டையில் சிக்கிக் கிடக்கின்றன. அங்கிருந்து வரும் புதைபடிவங்கள் பற்றிய கட்டுரைகளை நிறுத்தி வைக்கும்படி 2020ல் முதுகெலும்பி தொல்லுயிரியல் சங்கமே ஆய்விதழ்களைக் கேட்டுக்கொண்டது. ஒரு எறும்பைப் பார்க்கும் ஆசைக்காக அந்தப் பணச் சங்கிலியில் சேர எனக்கு விருப்பம் இல்லை.

சரி, கட்டிக்கு வருவோம். கட்டைவிரல் நுனி அளவு, தேன் நிறம், மேலே சொரசொரப்பான பழுப்புத் தோல். தோலை ஒரு பக்கம் லேசாகச் சுரண்டி வைத்திருந்தார்கள். அதன் வழியாகக் கறுப்பாக ஒரு உடலும் மடங்கிய ஒரு காலும் தெரிந்தன. சூடாக்கித் தெளிவாக்கிய அம்பர் வேண்டாம் என்று கேட்டு வாங்கினேன். நகைத் தொழிலில் கலங்கலைப் போக்கச் சூடாக்குவது வழக்கம். அப்போது உள்ளே வட்ட வட்டமாக, மீன் செதில் மாதிரி மின்னும் விரிசல்கள் வரும். அலங்காரத்துக்கு அது நன்றாக இருக்கும், எறும்பின் மேல் குறுக்கே விழுந்தால் எல்லாம் போச்சு.

முதலில் அசல்தானா என்று பார்த்தேன். ஒரு தம்ளர் தண்ணீரில் மூன்று மேசைக்கரண்டி உப்பைக் கரைத்துப் போட்டால் அம்பர் மிதக்கும். அதன் அடர்த்தி 1.05 முதல் 1.10 வரைதான். பேக்லைட், பாலியஸ்டர் ரெசின் போன்றவை மூழ்கிவிடும். கோபல் எனப்படும் இளம் பிசினும் மிதக்கும் என்பதால் இது மட்டும் போதாது. எறும்புக்கு எதிர்ப்பக்கம், ஒதுக்குப்புறமான ஒரு இடத்தில் ஒரு சொட்டு அசிட்டோன் வைத்தேன். கோபலாக இருந்தால் பிசுபிசுக்கும், இது அசையவில்லை. புறஊதா டார்ச் அடித்தபோது நீலம் கலந்த வெண்மையாக ஒளிர்ந்தது. எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தந்தது எறும்புக்குப் பக்கத்தில் கிடந்த சின்னஞ்சிறு நட்சத்திர வடிவ மயிர்கள். அவை ஓக் மரத்தினுடையவை, பால்டிக் அம்பரின் கையெழுத்து.

இவ்வளவு சந்தேகம் தேவைதான். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருந்த ஒரு பால்டிக் அம்பர் ஈயை, ஹென்னிக் போன்ற பெரிய அறிஞரே 1966ல் பார்த்து, இன்றைக்கும் வாழும் இனம் என்று எழுதினார். அது இன்றைய ஈயேதான் என்பது 1993ல் தெரிந்தது. யாரோ அசல் அம்பரை இரண்டாகப் பிளந்து, குடைந்து, ஈயை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அதனால் நான் கட்டியைச் சுற்றிச் சுற்றித் திருப்பி, நேர்க்கோடாக ஓடும் ஒட்டுத்தளம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உப்புத்தாளை எடுத்தேன்.

எங்கே தேய்ப்பது என்பதுதான் இந்த வேலையின் மையம். ஒரு எறும்பை அடையாளம் காண மூன்று பார்வைகள் வேண்டும். முகம் நேராகத் தெரிய வேண்டும். பக்கவாட்டு உருவம் முழுதாகத் தெரிய வேண்டும். வயிற்றின் பின்முனை தெரிய வேண்டும். ஒவ்வொரு பார்வைக்கும் அதற்குச் செங்குத்தாக ஒரு தட்டையான சன்னல் வெட்ட வேண்டும். வளைந்த பரப்பு லென்ஸ் போல வேலை செய்து தலையை நீட்டியும் குறுக்கியும் காட்டும், அதில் எடுத்த அளவு எதற்கும் உதவாது. ஆனால் ஒரு சன்னலுக்காகத் தேய்த்துப் போனதைத் திரும்ப வைக்க முடியாது. எனவே தேய்ப்பதற்கு முன்னால் எறும்பு எந்தப் பக்கம் முகம் வைத்திருக்கிறது, கால் எங்கே நீள்கிறது, உணர்கொம்பு நுனி எங்கே போய் முடிகிறது என்று ஒரு படம் வரைந்துகொள்ள வேண்டும்.

சொரசொரப்பான கட்டிக்குள் எப்படிப் பார்ப்பது? கெட்டியான சர்க்கரைப் பாகில் மூழ்கவைத்துப் பார்க்கலாம். அம்பரின் ஒளிவிலகல் எண் 1.54. பாகு அதற்கு ஓரளவு பக்கத்தில் வருவதால் மேல்பரப்பின் கீறல்கள் எல்லாம் மறைந்து உள்ளே இருப்பது எழுந்து வரும். ரஷ்யத் தொல்பூச்சியியலாளர்கள் இந்தப் பாகு முறையைப் பயன்படுத்துவார்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவினால் பாகு போய்விடும். ஆல்கஹால் பக்கம் மட்டும் போகக் கூடாது, அம்பரின் மேல்பரப்பு கெட்டுவிடும்.

பாகில் பார்த்ததும் எறும்பு இடது பக்கம் சாய்ந்து கிடப்பது தெரிந்தது. தலை சற்றுத் திரும்பி, முகம் கட்டியின் மெல்லிய ஓரத்தைப் பார்த்தபடி இருந்தது. இது நல்ல செய்தி. பின்முனையோ ஒரு பழைய விரிசலுக்குப் பக்கத்தில் இருந்தது. அது கெட்ட செய்தி.

தேய்க்க நான் பயன்படுத்தியது கைதான். சுழலும் கருவி எதுவும் இல்லை. அம்பரின் கடினம் மோஸ் அளவில் 2 முதல் 2.5 வரை, கிட்டத்தட்ட நகத்தின் அளவு. கருவி வைத்தால் ஒரு நொடியில் சூடேறி இளகும், விரிசல் ஓடும். ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் தண்ணீர் விட்டுத் தேய்க்கும் உப்புத்தாளை விரித்துக்கொண்டேன். ஊரில் பெயின்ட் கடையில் வாட்டர் பேப்பர் என்று கேட்டால் கொடுப்பார்களே, அதுதான். சொரசொரப்பு எண் 400ல் தொடங்கி 800, 1200, 2000, 3000 என்று மேலும் மேலும் நைசான தாளுக்குப் போக வேண்டும். எட்டு எழுதுவதுபோல் சுழற்றித் தேய்த்தால் பரப்பு ஒரு பக்கம் சாயாமல் தட்டையாக வரும். ஒவ்வொரு எண்ணுக்கும் நடுவே கல்லையும் தகட்டையும் கையையும் நன்றாகக் கழுவ வேண்டும். 400இன் ஒரு துகள் 2000இன் மேல் தங்கிவிட்டால் மறுபடி முதலில் இருந்துதான். தேய்க்கும்போது பைன் மரப் பிசின் வாசனை வரும். கடைசியில், பருத்தித் துணியை இறுக்கிக் கட்டிய பலகையில் சீரியம் ஆக்சைடைக் குழைத்துத் தடவி மெருகேற்றினேன்.

இன்னும் எவ்வளவு அம்பர் மீதம் இருக்கிறது என்று அறிய ஒரு கணக்கு உண்டு. இதை எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். நுண்ணோக்கியை முதலில் மேல்பரப்பில் உள்ள ஒரு கீறலில் குவிக்க வேண்டும், பிறகு எறும்பின் தலையுச்சியில் குவிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே குழல் இறங்கிய தூரத்தை 1.54ஆல் பெருக்கினால் உண்மையான ஆழம் கிடைக்கும். 1.3 மில்லிமீட்டர் இறங்கியிருந்தால் உண்மையில் 2 மில்லிமீட்டர் இருக்கிறது. கண்ணுக்கு எப்போதும் எறும்பு மேலே வந்துவிட்டதாகவே தோன்றும், அம்பர் அப்படி ஏமாற்றும். நான் எந்தச் சன்னலிலும் 1 மில்லிமீட்டருக்குக் கீழே போவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அதற்கும் கீழே போனால் படம் இன்னும் கொஞ்சம் தெளிவாகும் என்பது உண்மைதான். ஆனால் அம்பர் காலப்போக்கில் மேல்பரப்பில் இருந்து ஆக்சிஜனேற்றம் அடைந்து வெடிக்கிறது. இன்று நான் விட்டுவைக்கும் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் ஐம்பது வருடம் கழித்துப் பார்ப்பவருக்கு எறும்பைக் காப்பாற்றும்.

முதல் சன்னல் முகத்துக்கு. இருபக்கமும் தட்டையானதும் ஒரு சொட்டு கிளிசரின் விட்டு மெல்லிய கண்ணாடி வில்லையை ஒட்டினேன். மீதமிருந்த மயிரிழைக் கீறல்களும் மறைந்தன. விளக்கை நேராக அடித்தால் எறும்பின் ஓடு கண்ணாடிபோல் பளிச்சிட்டு எதையும் காட்டாது. வெள்ளைக் காகிதக் கோப்பையின் அடியை வெட்டிக் கல்லைச் சுற்றிக் கவிழ்த்து, வெளியே இருந்து எல்இடி விளக்கு அடித்தேன். மென்மையான ஒளியில் முகம் வந்தது.

இதய வடிவத் தலை. பின்விளிம்பு நடுவில் உள்வாங்கியிருந்தது. பக்கத்துக்கு ஒரு கூட்டுக்கண், ஒவ்வொன்றிலும் சிறு கண்ணறைகள் நெருக்கமாக. உச்சியில் ஒற்றைக்கண்கள் இல்லை, ஆகவே வேலைக்கார எறும்பு. உணர்கொம்பில் நீண்ட அடித்தண்டு, முழங்கை மடங்குவது போன்ற வளைவு, அதன் பிறகு சிறு கணுக்கள். மொத்தம் 12 கணு. கணுக்களை எண்ண எனக்குப் பல கோணங்கள் தேவைப்பட்டன, நுனி முகத்துக்குப் பின்னால் மடங்கியிருந்தது. தாடையில் முனைப்பல் பெரிது, அதன் பின்னால் ரம்பம்போல் சின்னச் சின்னப் பற்கள்.

இந்த நீண்ட அடித்தண்டைப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஸ்பெக்கோமிர்மா நினைவுக்கு வரும். 1966ல் நியூ ஜெர்சியின் கிளிஃப்வுட் கடற்கரையில் ஒரு தம்பதி கண்டெடுத்த அம்பரில் இருந்த எறும்பு அது. டைனோசர் காலத்தது. அடுத்த ஆண்டு வில்சன், கார்ப்பென்டர், பிரவுன் மூவரும் அதை விவரித்தார்கள். அதன் அடித்தண்டு குட்டை, தாடையில் இரண்டே பல், பார்த்தால் குளவி. ஆனால் மார்பின் பின்கீழ் மூலையில், பின்னங்கால் அடிக்கு மேலே, ஒரு சுரப்பியின் வாய் இருந்தது. அது எறும்புகளுக்கு மட்டுமே உரிய சுரப்பி. கண்ணுக்கு எட்டாத ஒரு சிறு துளைதான் அதை எறும்பு வம்சத்தில் சேர்த்தது.

அதே துளையைத் தேடித்தான் இரண்டாவது சன்னல், பக்கவாட்டில். இங்கே எறும்பின் உடல் ஒரே பார்வையில் விரிந்தது. மார்பின் முதுகுக்கோடு மேடாகப் போய், நடுவில் ஆழமான பள்ளத்தில் இறங்கி, மறுபடி வளைந்து எழும்பியது. அந்தப் பின்மேடு உண்மையில் வயிற்றின் முதல் வளையம். எறும்பு, தேனீ, குளவி எல்லாவற்றிலும் அது முன்னே வந்து மார்போடு ஒட்டிக்கொண்டுவிட்டது. நாம் எறும்பின் இடுப்பு என்று சொல்வது இரண்டாவது வளையம். அதன் மேலே ஒற்றைச் செதில், முன்பக்கம் சாய்ந்து நின்றது. ஒரே கணு என்றதும் இரட்டைக் கணு கொண்ட மிர்மிசினே கூட்டம் முழுவதும் வெளியே போய்விட்டது. முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழ்ப்பகுதி முடியும் இடத்தில் ஒரு வளைந்த முள்ளும், அதன் ஓரத்தில் சீப்புப் பற்களும் தெரிந்தன. உணர்கொம்பைத் துடைக்க எறும்பு இன்றும் பயன்படுத்தும் சீப்பு அதேதான்.

சுரப்பித் துளை இருக்கும் மூலையை மட்டும் வெண்மையான ஒரு படலம் மூடியிருந்தது. பால்டிக் அம்பர் பூச்சிகளில் இது மிகச் சாதாரணம். பூச்சியின் உடல் அழுகும்போது வெளியேறும் ஈரமும் வாயுவும் இன்னும் இறுகாத பிசினுக்குள் நுண்குமிழிகளாகத் தங்கிவிடுகின்றன, ஒளி அதில் சிதறிப் பாலாகத் தெரிகிறது. பெரும்பாலும் உடலின் ஒரு பக்கத்தில்தான் இருக்கும். எனவே எந்தப் பக்கத்தைச் சன்னலாக்குவது என்று முடிவு செய்யும்போதே பால் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும். நான் வலது பக்கத்தைத் தேர்ந்தெடுத்ததும் அதனால்தான். அங்கே இந்த மூலையில் மட்டும்தான் படலம், இடது பக்கம் முழுக்க வெள்ளை.

மூன்றாவது சன்னலில்தான் அதிகம் தயங்கினேன். வயிற்றின் பின்முனை எனக்கு ஏன் அவ்வளவு முக்கியம் என்றால், ஒற்றைக் கணு எறும்புகளில் இரண்டு பெரிய கூட்டங்களைப் பிரிப்பது அந்த நுனிதான். ஃபார்மிசினே எறும்புகளுக்கு அங்கே வட்டமான துளை இருக்கும், பெரும்பாலும் சுற்றி மயிர் வட்டம். ஃபார்மிக் அமிலத்தை அதன் வழியாகப் பீய்ச்சும். நம் மாந்தோப்பு முசுறு அந்தக் கூட்டம். முசுறின் பேரினமே பால்டிக் அம்பரிலும் இருக்கிறது, ஆஸ்திரியப் பூச்சியியலாளர் மாயர் 1868ல் ஈக்கோஃபில்லா பிரிஷ்கீ என்று பெயரிட்டார். இன்றைக்கு வெப்பமண்டல ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா தவிர வேறெங்கும் இல்லாத ஒரு எறும்பு, ஒரு காலத்தில் இந்தக் குளிர் நாட்டுக் காட்டில் ஓடியிருக்கிறது. டோலிகோடெரினே எறும்புகளுக்கோ அந்த இடத்தில் குறுக்காக ஒரு கீற்று மட்டுமே. கொடுக்கும் கிடையாது, அமிலமும் கிடையாது, வேறு சுரப்பியில் இருந்து நெடியுள்ள திரவம் விடும்.

விரிசலுக்குப் பக்கத்தில் தேய்ப்பதானால் முதலில் அதை நிறுத்த வேண்டும். மெல்லிய எபாக்சிப் பசையை விரிசலின் வாயில் ஊசி நுனியால் வைத்தேன், அது தானாக உள்ளே இழுத்துக்கொண்டது. நன்றாக இறுகியபின் 800இல் இருந்தே தொடங்கினேன், 400 தொடவில்லை. ஒரு கை விரலின் எடை மட்டும். சில சுற்றுக்கு ஒருமுறை நுண்ணோக்கிக்குப் போய் ஆழக் கணக்கு. அப்புறம் மறுபடி தண்ணீர், மறுபடி தேய்ப்பு. சன்னல் சிறிது, ஒரு மிளகு அகலம்கூட இல்லை. அதன் வழியாக வயிற்றின் நுனி நேராகத் தெரிந்தது. கீற்று. வட்டத் துளை இல்லை, மயிர் வட்டம் இல்லை, கொடுக்கு இல்லை.

டோலிகோடெரினே என்று உறுதியானதும் மற்றவை சேர்ந்துகொண்டன. இதயத் தலை, ரம்பத் தாடை, முதுகுப் பள்ளம், சாய்ந்த செதில்: டெனோபெத்திலஸ் கோப்பெர்ட்டி. பால்டிக் அம்பரில் மிக அதிகமாகக் கிடைக்கும் எறும்பு, அற்றுப்போன இனம். இதையும் மாயர்தான் 1868ல் விவரித்தார். 1915ல் எறும்பியலாளர் வீலர், பெரும்பாலும் கோனிக்ஸ்பெர்க் (இன்றைய கலினின்கிராட்) சேகரிப்பில் இருந்து ஒன்பதாயிரத்துக்கும் மேற்பட்ட அம்பர் எறும்புகளைப் பார்த்து எழுதியபோதும் இது கூட்டம் கூட்டமாக வந்தது. இதில் ஒரு ஆச்சரியம் உண்டு. 1939ல் ப்ரூஸ் என்ற தேர்ந்த பூச்சியியலாளர் இதே எறும்பை பெத்திலிட் குளவி என்று நினைத்துப் புதுப்பேரினம் படைத்தார். டெனோபெத்திலஸ் என்ற பெயர் அப்படி வந்ததுதான். இவ்வளவு அனுபவம் உள்ளவருக்கே குளவியாகத் தெரிந்திருக்கிறது என்றால் ஒரு பார்வையை வைத்து முடிவு சொல்ல முடியாது என்பது எனக்கு இன்னும் அழுத்தமாகப் புரிகிறது. இன்றைய எறும்புகளில் மரத்தில் வாழும் லியோமெட்டோபம் இதற்கு நெருக்கம் என்று கருதுகிறார்கள். பிசின் வழியும் மரத்தில் ஏறி இறங்கும் எறும்பு அம்பரில் அதிகம் சிக்குவதில் வியப்பில்லை.

நாலாவதாக அடிப்பக்கம் ஒரு சன்னல் வெட்டலாம். வாயுறுப்பின் சிறு தொடுகொம்புகளை எண்ண அதுதான் வழி. நான் வெட்டவில்லை. அந்தப் பக்கம் தேய்த்தால் நடுக்கால் இரண்டும் போய்விடும். அதோடு, கல்லைத் தொடாமலே உள்ளே போகும் வழி இப்போது இருக்கிறது. கவிஞர் கோதேயின் அம்பர் சேகரிப்பு ஜெர்மனியின் வைமாரில் பாதுகாக்கப்படுகிறது. அதில் இருந்த ஒரு எறும்பும் இதே டெனோபெத்திலஸ் கோப்பெர்ட்டிதான். யெனா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஹாம்பர்க்கில் உள்ள டெஸி ஆய்வு மையத்தில், சின்க்ரோட்ரான் எனும் முடுக்கியின் வலிய எக்ஸ்ரே கதிரில் நுண் சிடி ஸ்கேன் எடுத்து, தலைக்குள்ளும் மார்புக்குள்ளும் தசைகள் பற்றி நிற்கும் உட்சட்டகத்தை முப்பரிமாணமாகக் காட்டிவிட்டார்கள். என் உப்புத்தாளால் எந்நாளும் எட்ட முடியாத இடம் அது. என் எறும்புக்கும் ஒருநாள் அந்த வாய்ப்பு வரலாம், அதற்குக் கால்கள் எல்லாம் உடம்போடு இருக்க வேண்டும்.

படங்களைப் பல குவியங்களில் எடுத்து ஒன்றாக அடுக்கினேன். முகத்துக்குத்தான் அதிக அடுக்குகள், பின்முனைக்குச் சிலவே போதும். அளவுகோலை ஒவ்வொரு உருப்பெருக்கத்திலும் தனியாகப் படம் பிடித்து வைத்தேன். உடல் நீளம் 4 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு.

கிளிசரினைக் கழுவித் துடைத்து, கல்லைக் காற்றுப் புகாத சிறு பையில் போட்டு, வெளிச்சமும் சூடும் படாத இழுப்பறையில் வைத்திருக்கிறேன். அருங்காட்சியகங்கள் முழுக் கல்லையும் எபாக்சியில் பொதிந்துவிடுகின்றன, அது இன்னும் பாதுகாப்பு. சரியான வெற்றிடக் கலம் கிடைக்கும்வரை நான் அதில் இறங்கப் போவதில்லை. பையோடு ஒரு சீட்டு: தேய்ப்பதற்கு முன்னும் பின்னும் எடை, எந்தெந்தப் பக்கம் எவ்வளவு தேய்த்தேன், எபாக்சி எங்கே இருக்கிறது, அசிட்டோன் சொட்டு பட்ட இடம். கடைசி இரண்டையும் எழுதாமல் விட்டால் பின்னால் இதை வேதியியல் ஆய்வுக்கு எடுப்பவர் குழம்பிப்போவார்.

அடுத்த கட்டி மேசையில் இருக்கிறது. அதில் எறும்பு மல்லாந்து கிடக்கிறது, பின்முனையில் மயிர் வட்டம் ஒன்று மங்கலாகத் தெரிகிறது. லேசியஸ் ஷீஃபர்டெக்கெரியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு முதல் சன்னல் அடிப்பக்கத்தில்தான்.